பாலைவன ஆற்றில் ஐந்து நாள் துடுப்புப் பயணம்: ஊரிலிருந்து திட்டம் போடுகிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வழுக்கையாற்றான் (சண்டிலிப்பாய்) | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். யாழ் குடாநாட்டில் ஆறு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருப்பது அந்த வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும். இப்போது கார்த்திகை என்பதால் வயலை மூடிக்கொண்டு அராலிப் பக்கம் ஓடுகிறது. பங்குனியில் வந்து பார்த்தால் அதே இடத்தில் மாடு மேயும்.

விஷயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் பத்து வருஷமாக ஆறுகளில் துடுப்புப் போடுகிறவன். வருகிற சித்திரையில் அமெரிக்காவில் ஒரு பாலைவன ஆற்றில் இறங்குவோம், நீயும் தங்கச்சியும் வாருங்கள் என்கிறான். ஆற்றின் பெயர் ஓவைஹீ. ஒரிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலை. மச்சானும் மனைவியும், அவர்களுடைய நண்பர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர், மொத்தம் ஆறு பேர். நண்பர்களுக்கு 'மூன்று கிளை' என்ற இடத்தில் தொடங்கி ரோம் வரை வர விருப்பம் (இத்தாலியில் உள்ள ரோம் இல்லை, அங்கே அப்படி ஒரு குக்கிராமம் இருக்கிறது). மச்சான் ரோமில் தொடங்கிக் கீழே போவோம் என்கிறான்.

என் அனுபவம்: கிதுல்கலவில் களனி கங்கையில் இரண்டு தரம் ராஃப்டிங் (காற்றடித்த ரப்பர் படகில் ஆறு இறங்குவது). நீச்சல் கீரிமலைக் கேணியில் பழகியது. தங்கச்சி என்னைவிட நன்றாக நீந்துவாள். நான் படிப்பிக்கிறவன், ஆகவே புதுவருஷ விடுமுறையோடு சேர்த்து சித்திரை 10 தொடக்கம் 24 வரைதான் என்னால் வெளிக்கிட முடியும். ரிக்கற்றை இப்போதே போட்டால் மலிவு. போடலாமா?

கிணற்றுத்தவளை (கோண்டாவில்) | ஞாயிறு, இரவு 9.32

ஆறில்லாத ஊரில் பிறந்து, பாலைவனத்தில் போய் ஆறு தேடப் போகிற முதல் ஆள் நீங்கள்தான் மாஸ்ரர். போகிறதுதான் போகிறீர்கள், உலகத்துக்கே தெரிந்த கிராண்ட் கன்யனுக்குப் போகலாமே? திரும்பி வந்து பெயர் சொன்னால் நாலு பேருக்காவது விளங்கும்.

குளிர்தேசத்தான் (ஸ்காபரோ, சொந்த ஊர் இணுவில்) | திங்கள், காலை 6.15

தவளையாருக்கு முதலில் பதில். கிராண்ட் கன்யனில் சொந்தமாகப் படகு கொண்டு இறங்க குலுக்கலில் பெயர் விழ வேண்டும். லீஸ் ஃபெரியிலிருந்து டயமண்ட் கிறீக் வரை 226 மைல், இரண்டு மூன்று கிழமை ஆற்றிலேயே கிடக்க வேண்டும். மாஸ்ரருக்கு இரண்டு கிழமைதான் லீவு, அதில் பயணமே நாலு நாளைத் தின்றுவிடும். ஓவைஹீயில் குலுக்கல் இல்லை. இறங்குதுறையில் பதிவு செய்துவிட்டு இறங்கலாம். அதற்காகவே பலர் அங்கே போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், மூன்று வருஷத்துக்கு முன்.

இனி மாஸ்ரருக்கு. ரிக்கற்றைப் போடாதேங்கோ. குறைந்தது மாற்ற முடியாத ரிக்கற்றைப் போடாதேங்கோ.

காரணம் சொல்கிறேன். அந்த ஆற்றுக்கு மேலே தண்ணீரைப் பிடித்து அளவாக விடுகிற பெரிய அணை இல்லை. நெவாடாவில் தலைப்பக்கம் ஒரு சின்னத் தேக்கம் இருக்கிறது, அது கணக்கில் வராது. பெரிய அணை 1932இல் கட்டியது. அது கீழே, பயணம் முடிகிற பக்கம். ஆகவே மலையில் பனி உருகினால் ஆறு, உருகி முடிந்தால் கல். பருவம் என்று சொல்வது பங்குனியிலிருந்து ஆனி வரை. ஆனால் அந்த நாலு மாதமும் தண்ணீர் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. சில வருஷம் நாலைந்து கிழமைதான். பனி குறைந்த வருஷத்தில் ராஃப்ட் இறக்கிற அளவுக்கு வராமலே போய்விடும்.

ரோமில் நீரளவு பார்க்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் தளத்தில் எந்த நேரமும் பார்க்கலாம். சாமான் ஏற்றிய ராஃப்டுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 1,000 கன அடி வேண்டும். அது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியச் சொன்னால், 28,000 லீற்றர். ஊரில் குடிதண்ணீர் கொண்டுவருகிற பவுசரில் ஏழாயிரம் பிடிக்கும் என்று வையுங்கள், வினாடிக்கு நாலு பவுசர் உங்களைக் கடந்து போகிறது. அதற்குக் கீழே கயாக்கில் (ஒடுங்கிய சின்னத் துடுப்புப் படகு) போகலாம், ராஃப்ட் கல்லில் இருந்துவிடும். மேலே போனால்? சூடான மழை பனிமேல் விழுந்தால் ஒரே கிழமையில் பத்தாயிரத்தையும் தாண்டும். அப்போது இறங்குவது வேறு ஆட்களின் வேலை.

நீங்கள் சித்திரை 10 என்று நாள் குறித்துவிட்டீர்கள். ஆற்றுக்கு அந்தப் பஞ்சாங்கம் தெரியாது.

குளிர்தேசத்தான் | திங்கள், காலை 6.40

இன்னொன்றை விட்டுவிட்டேன். மூன்று கிளையிலிருந்து ரோம் வரை உள்ள நடுப் பகுதியில் 'விதவையாக்கி' என்று ஒரு ரப்பிட் இருக்கிறது. (ரப்பிட் என்று இங்கே சொல்வது, ஆறு கல்லுக்குள் விழுந்து கொதிக்கிற இடம்.) ஒன்று தொடக்கம் ஆறு வரை தரம் போடுகிறார்கள்; அது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது. பலர் படகைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள், அல்லது கற்களுக்கு மேலால் தூக்கிப் போவார்கள். கிதுல்கல இரண்டு தரம் போனவரைக் கூட்டிக்கொண்டு அங்கே போகச் சொல்கிற நண்பர் யார் என்று தெரியாது. ஆனால் அவரிடம் கார் கூட இரவல் வாங்க மாட்டேன்.

மச்சான் சொல்கிற கீழ்ப் பகுதி சரி. ரோமிலிருந்து பேர்ச் கிறீக் வரை 48 மைல், அதாவது 77 கிலோமீற்றர். பெரும்பாலும் தரம் 2, 3. நாலு, ஐந்து நாள் வடிவாகப் போதும்.

வழுக்கையாற்றான் | திங்கள், மாலை 4.55

அண்ணை, நன்றி. நாள் விஷயம் வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு வேறு நாள் இல்லை. விசாவுக்கும் நேர்முகத் திகதி எடுக்க வேண்டும், அங்கே போய் "ஆறு சொல்கிற நாளில் போவேன்" என்று சொல்ல முடியுமா? சித்திரை நடுப்பகுதியில் தண்ணீர் இருக்கும் வாய்ப்பு எப்படி?

குளிர்தேசத்தான் | செவ்வாய், காலை 6.05

நல்ல வாய்ப்பு, ஆனால் உறுதி இல்லை. ஒன்று செய்யுங்கள். விசாவைக் கெதியாக எடுங்கள், அது ஆற்றோடு சம்பந்தமில்லாத வேலை. பனிப்படிவு எவ்வளவு என்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் மாரி முழுக்க அளந்து வெளியிடுகிறது. மாசி கடைசியில் அதைப் பார்த்தால் ஆற்றின் முகம் கொஞ்சம் தெரியும். ரிக்கற்றைப் பக்கத்து ஐடகோ மாநிலத்தின் பொய்சி நகரத்துக்குப் போடுங்கள். ஏன் பொய்சி என்றால், ஓவைஹீக்கு அதுதான் கிட்டிய பெரிய விமான நிலையம். அதே பொய்சியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பயெட் ஆறு இருக்கிறது. மேலே அணைகள் உண்டு, தண்ணீர் நம்பலாம், நாள் பயணமாகப் போய் வரலாம். ஓவைஹீ கைவிட்டால் பயெட்டில் நாலு நாள் துடுப்புப் போட்டுவிட்டு வரலாம். பாலைவனம் இல்லை, பைன் மரம்தான். ஆனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

ஓவைஹீயில் தண்ணீர் இருந்தாலும் முதல் நாள் பயெட்டில் இறங்கிக் கை பழகுங்கள். ஆறு பேரும் ஒரே படகில் ஒரு சத்தத்துக்கு வலிக்கப் பழகாமல் பாலைவனத்துக்குள் போகக் கூடாது.

நமீப்வாசி (விண்ட்ஹூக்) | செவ்வாய், பகல் 11.20

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பாலைவன ஆறுதான் வேண்டுமென்றால் நமீபியாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் எல்லையாக ஓடும் ஒறேஞ்ச் ஆற்றையும் யோசியுங்கள். மேலே பெரிய அணைகள் இருப்பதால் ஆறு வற்றிப்போகாது, ரப்பிட்டுகள் சின்னவை, மணலில் படுத்தால் வானம் முழுக்க வெள்ளி. கூடாரம் கூட நான் அடிப்பதில்லை. முதல் தரம் போகிற ஆளுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

வழுக்கையாற்றான் | செவ்வாய், இரவு 8.00

ஆசை வருகிறது. ஆனால் மச்சானைப் பார்த்து ஒன்பது வருஷம். இந்தப் பயணத்தில் ஆறு பாதி, அவன் பாதி. ஆகவே ஓவைஹீதான்.

பாசையூரான் | செவ்வாய், இரவு 10.45

தம்பி, ஆறு எனக்குத் தெரியாது. கடல் தெரியும். ஒரு கேள்வி: அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எந்தப் பக்கம்?

குளிர்தேசத்தான் | புதன், காலை 5.50

பாசையூரான் அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி. இதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

காற்று மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும், அநேகமாக ஆற்றுக்கு எதிர்த்திசையில், கீழேயிருந்து மேலே. சுவர் இரண்டு பக்கமும் நிற்பதால் குழாய்க்குள் ஊதுவது போல வரும். ரப்பிட்டுக்கு நடுவில் ஆழமான, அசையாத நீள்தடங்கள் உண்டு. அங்கே காற்று அடித்தால் ராஃப்ட் பின்னுக்குப் போகும். பொய் சொல்லவில்லை, பின்னுக்கே போகும். பேர்ச் கிறீக்கைத் தாண்டி லெஸ்லி கல்ச் வரை போனால் கடைசித் துண்டு அணையின் தேங்கிய தண்ணீர், அங்கே இன்னும் மோசம். அதனால் காலை விடிய இறங்கி, பகல் இரண்டு மணிக்குள் கரை ஏறுகிற மாதிரி நாளைப் பிரிக்க வேண்டும்.

பாசையூரான் | புதன், இரவு 9.15

அப்ப இது சோளகக் கதைதான். சோளகம் எழும்ப முதல் போய், எழும்பக் கரையில் நிற்கிறது. தம்பி, தொண்டைமானாற்றுக்கு வா. பாலத்தடியிலிருந்து வல்லைப் பக்கம் காற்றுக்கு எதிரே இரண்டு மணித்தியாலம் வலித்துப் பார். கையால் வலிக்கிறவன் அரை மணியில் விழுவான். முதுகாலும் காலாலும் வலிக்க வேண்டும். என்னிடம் ஒரு பழைய வள்ளம் இருக்கிறது, தண்டு இரண்டும் இருக்கிறது. நீங்கள் சொல்கிற ராஃப்டில் ஒராள் நடுவில் இருந்து இரண்டு தண்டும் வலிப்பாரா, அல்லது எல்லாரும் துடுப்புப் போடுவீர்களா?

குளிர்தேசத்தான் | வியாழன், காலை 6.30

சாமான் ஏற்றிய ராஃப்டில் ஒராள் தண்டு வலிப்பார். மற்றவர்கள் இருக்கலாம், அல்லது காற்றடித்த கயாக்கில் பக்கத்தில் வரலாம். வலிக்கிற முறை ஊருக்குத் தலைகீழ், அதை இப்போதே மனசில் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் வள்ளம் வலிக்கிறவருடைய முதுகு போகிற திசையைப் பார்க்கும். ஆற்றில் அப்படி இல்லை, முகம்தான் கீழ்நோக்கி. ஆபத்தான கல்லை முகத்துக்கு நேரே வைத்து, படகைச் சரிவாகத் திருப்பி, அதிலிருந்து பின்னோக்கி வலிக்க வேண்டும். ஆறு உங்களைக் கீழே கொண்டு போகும், நீங்கள் பக்கவாட்டில் மட்டும் நகருவீர்கள்.

எங்கே இது உயிர் என்றால், 'விசிலடிக்கும் பறவை' என்ற ரப்பிட்டில். வலது சுவரிலிருந்து வீடளவு கற்பலகை ஒன்று கழன்று சாய்ந்து நிற்கிறது. தண்ணீர் முழுவதும் அந்தப் பலகையை நோக்கித்தான் தள்ளும். வாசலிலேயே இடப்பக்கம் இழுக்கத் தொடங்க வேண்டும். "கிட்டப் போய்ப் பார்ப்போம்" என்று விட்டால் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. நாங்கள் மேலே கரையேறி நடந்து போய், கல்லில் இருந்து இருபது நிமிஷம் பார்த்தோம். ஒரு மரக்கிளையைப் போட்டு அது எங்கே போகிறது என்று பார்த்தோம். கிளை நேரே பலகைக்கடியில் போய் வரவே இல்லை. அதைப் பார்த்த பிறகு எங்களுடைய படகில் ஒருவரும் பகிடி விடவில்லை.

விழுந்தால் நிமிர்ந்து மல்லாக்கப் படுத்து, கால் இரண்டும் முன்னால், மேலே. எழும்பி நிற்க நினைக்கக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்றினால் கல்லிடுக்கில் பாதம் மாட்டும், பின்னால் வருகிற தண்ணீர் ஆளை மடக்கிவிடும்.

ஒடியல்கூழ் (சாவகச்சேரி) | வியாழன், இரவு 8.20

தம்பிமாரே, எல்லாரும் ஓடுகிற தண்ணீரைப் பற்றியே கதைக்கிறீர்கள். குடிக்கிற தண்ணீர்? பனி உருகி வருகிற ஆறு என்றால் வண்டல் கலந்துதானே வரும். நான் வன்னியில் இருந்த காலத்தில் குளத்துத் தண்ணீரைக் குடத்தில் எடுத்து, தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் நாலு சுற்று உரைத்துவிட்டு வைப்போம். விடிய மேலே கண்ணாடி மாதிரி நிற்கும், அடியில் இரண்டு விரல் சேறு. ஒரு பை அனுப்பட்டுமா?

சாப்பாடும் நான் பார்க்கிறேன். ஒடியல் மா, புழுக்கொடியல், பினாட்டு, பனங்கட்டி எல்லாம் பாரமில்லாத சாமான்கள். ஐஸ் பெட்டி தேவையில்லை, ஐந்து நாளில்லை, ஐந்து மாதம் இருக்கும்.

குளிர்தேசத்தான் | வெள்ளி, காலை 6.00

அக்கா, தேத்தாங்கொட்டையின் வேலையை அங்கே படிகாரம் செய்கிறது. கலங்கல் ஆறுகளில் போகிற எல்லாரும் வாளியில் தண்ணீர் அள்ளி, கொஞ்சம் படிகாரத்தூள் போட்டுக் கலக்கி, இரவு முழுக்க வைப்பார்கள். தெளிந்ததை வடிகட்டியில் விடுவார்கள். தெளிய வைக்காமல் விட்டால் வடிகட்டி பத்து நிமிஷத்தில் அடைபடும். கொட்டையை அனுப்ப வேண்டாம், விதை என்று சொல்லி விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பினாட்டும் ஒடியலும் என்ன என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துவது மாஸ்ரரின் திறமை. கொண்டு போகிற சாப்பாடு எல்லாவற்றையும் சுங்கப் பத்திரத்தில் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் ஓவைஹீயில் தெளிவித்தாலும் நான் குடிக்க மாட்டேன். ரோமுக்குச் சற்று மேலே ஜோர்டன் கிறீக் என்ற கிளை வந்து சேருகிறது. அதன் தலைப்பக்கம், ஐடகோ மலையில், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளியும் பொன்னும் தோண்டினார்கள். தாதுவிலிருந்து பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பாவித்தார்கள். அந்தப் பாதரசம் இன்னும் ஆற்றில் இருக்கிறது, கீழே அணை நீர்த்தேக்கத்து மீன்களில் ஏறியிருக்கிறது. ரோமைச் சுற்றி நீர்ப்பாசன வயல்களும் மாடுகளும் வேறு. காய்ச்சினால் கிருமி சாகும், பாதரசம் சாகாது. சமைக்க, கை கழுவ ஆற்றுத் தண்ணீர் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் குடிக்கிற தண்ணீர் கரையிலிருந்தே கொண்டு போங்கள். வழியில் 'அழும் சுவர்' என்று ஒரு ஊற்று இருக்கிறது. கரும்பாறைச் சுவரிலிருந்து நல்ல தண்ணீர் கசிந்து பச்சைப் பாசியில் வழிகிறது. கீரிமலை ஞாபகம் வந்தது எனக்கு. அதில் நிரப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

கணக்கு: ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர். ஆறு பேர், ஐந்து நாள், 120 லீற்றர். அதாவது 120 கிலோ.

வழுக்கையாற்றான் | வெள்ளி, மாலை 5.30

இதை வாசித்ததும் ஒரு விஷயம் தானாகத் தீர்ந்தது. எல்லாரும் தனித்தனிக் கயாக்கில் போவோம் என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 120 கிலோ தண்ணீரைக் கயாக்கில் ஏற்ற முடியாது. ஆகவே சாமானுக்கு ஒரு பெரிய ராஃப்ட், பக்கத்தில் இரண்டு காற்றுக் கயாக். மச்சானுக்குச் சொன்னேன், "இதைத்தான் ஒரு மாதமாகச் சொல்கிறேன்" என்றான்.

கிணற்றுத்தவளை | வெள்ளி, இரவு 9.00

தண்ணீர் உள்ளே போகிற கதை முடிந்தது. வெளியே போகிற கதை? பற்றைக்குள்ளேயா?

குளிர்தேசத்தான் | சனி, காலை 7.10

பற்றைக்குள் போக முடியாது தவளையார். காவிச் செல்லும் மலசலப் பெட்டி கட்டாயம். ஆறு பேருடைய ஐந்து நாள் சரக்கும் மூடிய பெட்டியில் உங்களோடேயே ராஃப்டில் வரும். நெருப்பும் மண்ணில் மூட்டக் கூடாது, தகரத் தட்டில் மட்டும்தான், சாம்பலும் திரும்பி வரும். அந்தக் காலத்தில் இராணுவத்தின் பழைய ரவைப் பெட்டிகளை இதற்குப் பாவித்தார்கள். ஆசனம் இல்லாமல் விளிம்பில் இருந்தால் பின்பக்கத்தில் இரண்டு கோடு விழும். அதனால் ஆற்றுக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பெட்டியை 'கோடுபோடி' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

கிணற்றுத்தவளை | சனி, காலை 7.25

நான் கிணற்றிலேயே இருக்கிறேன்.

ஒஸ்லோத் தாதி | சனி, மாலை 6.40

நான் மருத்துவத்தாதி. துடுப்பு தெரியாது, ஆனால் குளிர் தெரியும். இந்த இழையில் 'பாலைவனம்' என்ற சொல்லைப் பார்த்து எல்லாரும் வெயிலை நினைக்கிறீர்கள் போல. சித்திரையில், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீற்றர் மேலே, பனி உருகிய தண்ணீர். பகலில் தோல் எரியும், இரவில் வாளித் தண்ணீர் உறையும்.

மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராயும் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிதாக ஒரு கணக்குச் சொல்கிறார்: 1, 10, 1. கடுங்குளிர் தண்ணீரில் விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு உங்கள் சொல் கேட்காது, இழுத்து இழுத்து வரும், அந்த நேரம் தலை தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். அடுத்த 10 நிமிஷம்தான் கைகால் வேலை செய்யும், கரையேறுவதென்றால் அதற்குள். உணர்வு தப்ப 1 மணித்தியாலம் ஆகும். குளிரில் சாகிறவர்களில் பலர் உடல் உறைந்து சாவதில்லை. முதல் நிமிஷத்தில் தண்ணீரை மூச்சில் இழுத்தோ, பத்து நிமிஷத்துக்குப் பிறகு கை மறுத்தோ மூழ்குகிறார்கள். உயிர்காப்பு அங்கியின் வேலை அந்த இரண்டு இடத்திலும்தான்.

கீரிமலைக் கேணி நல்ல இடம், ஆனால் அது உங்களுக்கு ஒரு பொய்த் தைரியம் தருகிறது. நனையாத முழு உடுப்பு வாடகைக்கு எடுங்கள், பருத்தி உடுப்பு ஒன்றும் வேண்டாம். தங்கச்சிக்கும் சொல்லுங்கள்: நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் அங்கியின் கொக்கியைக் கழற்றி விடுவார்கள்.

பாம்பு பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும். கிலுகிலுப்பை விரியன் அங்கே உண்டு. புடையன் பழகிய ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: கல்லுக்கு அந்தப் பக்கம் தெரியாமல் கை வைக்காதீர்கள், இரவில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். கடித்தால் கட்டுவது, வெட்டுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம், ஆளை அசையாமல் வைத்து வெளியே எடுக்க வேண்டும். அங்கே கைத்தொலைபேசி எடுக்குமா?

குளிர்தேசத்தான் | ஞாயிறு, காலை 6.20

எடுக்காது. செய்மதித் தொடர்புக் கருவி ஒன்று கட்டாயம். அதை ராஃப்டில் கட்டி வைக்கக் கூடாது, ஒராளின் அங்கியில் இருக்க வேண்டும். படகு போனாலும் ஆள் கையில் இருக்கும்.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது எல்லாம் முடிந்த பிறகு. பேர்ச் கிறீக் துறையிலிருந்து மேலே ஏறுகிற பாதை செங்குத்து, மண். காய்ந்திருந்தால் நாலு சக்கர இழுவை வாகனம் ஏறும். நாங்கள் கரையேறின இரவு மழை. அந்தக் களிமண் நனைந்தால் சில்லில் ஒட்டி ஒட்டி, சில் பனங்காய் போலத் திரளும், பிறகு சுற்றவே சுற்றாது. ஒன்றரை நாள் அங்கேயே கிடந்தோம். கையில் மிச்சம் இருந்தது ஏழு லீற்றர் தண்ணீர், கண்முன்னே ஒரு ஆறு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. என் விமானம் போய்விட்டது. ஆகவே மாஸ்ரர், கடைசி நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு நாள் சும்மா விடுங்கள். தண்ணீரும் ஐந்து நாளுக்கு இல்லை, ஏழு நாளுக்கு.

வாகனத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுக்குக் கொண்டுவந்து விட ஜோர்டன் வேலியில் ஆட்கள் இருக்கிறார்கள். ரோமிலிருந்து ஐம்பது கிலோமீற்றர். சின்ன ஊர். அங்கே ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த பாஸ்க் மக்கள் 1915இல் கல்லால் கட்டின பந்து விளையாட்டுச் சுவர் ஒன்று நிற்கிறது. ஆடு மேய்க்க வந்தவர்கள், பாலைவனத்தில் முதலில் விளையாட இடம் கட்டியிருக்கிறார்கள். போனால் பாருங்கள்.

வழுக்கையாற்றான் | ஞாயிறு, இரவு 8.50

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு நேற்றிரவு மச்சானோடு இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். முடிவுகள்: நடுப் பகுதி இல்லை, நண்பர்கள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், இருக்கட்டும். ரோம் தொடக்கம் பேர்ச் கிறீக் வரை. ஆற்றில் ஐந்து நாளை நாலாகக் குறைத்தோம், முன்னால் ஒரு நாள் பயெட், பின்னால் இரண்டு நாள் சேற்றுக்கு. திகதி மாற்றக்கூடிய ரிக்கற், கொஞ்சம் விலை கூட. பங்குனி முதல் கிழமையில் பனிக் கணக்கைப் பார்த்து மச்சான் "ஓம்" அல்லது "பயெட்" என்று ஒரு சொல்லில் செய்தி அனுப்புவான். தண்ணீர் ஆளுக்கு ஆறு நாள் கணக்கில், 144 லீற்றர். ஏழு என்று சொன்னீர்கள் அண்ணை, அழும் சுவரை ஒரு நாளாக எண்ணிக்கொண்டேன்.

இன்னொன்று. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஓவைஹீ என்பது ஹவாய் என்ற சொல்லைப் பழைய காலத்தில் எழுதின முறையாம். 1819 வாக்கில் பீவர் என்ற ஆற்று விலங்கின் தோலுக்காக வந்த கூட்டத்தில் ஹவாய்த் தீவுக்காரர் மூன்று பேர் இந்த ஆற்றுப் பக்கம் அனுப்பப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. கடலில் பிறந்தவர்கள், பாலைவனத்தில் ஓர் ஆற்றுக்குத் தங்கள் ஊரின் பெயரை விட்டுப் போயிருக்கிறார்கள். தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய் அம்மாவிடம் "அண்ணா போகிற ஆற்றில் தீவாட்கள் காணாமல் போயிருக்கினம்" என்று சொல்லிவிட்டாள். இப்போது வீட்டில் ஒரு தனி விவாத இழை ஓடுகிறது.

குளிர்தேசத்தான் | திங்கள், காலை 6.10

அழும் சுவரை எண்ணாதேங்கோ. 168.

வழுக்கையாற்றான் | திங்கள், மாலை 4.40

சரி. 168.

பாசையூரான் | திங்கள், இரவு 9.30

தாதிப் பிள்ளை சொன்ன பத்து நிமிஷக் கதையை யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குக் காலை மீன் ஏற்றினபிறகு, ஐஸ் கரைந்த பெட்டிக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு நின்றேன். மகன் மணிக்கூடு பார்த்தான். ஐந்தாம் நிமிஷம் கையை எடுத்து வலைக்கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டேன், போட்டுவிட்டேன். எட்டாம் நிமிஷம் முடிச்சு வந்தது, இறுக்க முடியவில்லை. பதினோராம் நிமிஷம் கயிறு கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்தது. நாற்பது வருஷம் முடிச்சுப் போட்ட கை.

தம்பி, சனிக்கிழமை காலை ஐந்தரை, தொண்டைமானாற்றுப் பாலத்தடி. தங்கச்சியையும் கூட்டி வா. வள்ளம் நிற்கும். ஐஸ் பெட்டியை நான் கொண்டு வாறன்.